பட்டன் போனா, டச் போனா? பழைய செல் வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி (திருமங்கலம்): அப்பாவுக்கு 71 வயது. டச் போன் கொடுத்தோம், சரிப்பட்டு வரவில்லை. பச்சையைத் தள்ளுவதற்குள் கால் கட்டாகிவிடுகிறது. "எனக்குப் பழைய 1100-ஐயே வாங்கிக் கொடுங்கடா" என்கிறார். டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு கடையில் கேட்டால், "புதுசே இருக்கு, டப்பாவோட" என்கிறார்கள். நம்பி வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், ஆனால் 'புதுசு' என்று நினைத்து வாங்காதீர்கள். நோக்கியா 1100 வந்தது 2003-ல். தயாரிப்பு நின்று பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்று டப்பாவோடு வருவதில் பெரும்பாலானவை பழைய போர்டுக்குப் புது டூப்ளிகேட் பாடி மாட்டியவை. அதில் தப்பில்லை. சொல்லி விற்க வேண்டும், அதற்கேற்ற விலை வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

போனைக் கையில் வாங்கியதும் *#06# அடியுங்கள். திரையில் வரும் 15 இலக்க எண், பேட்டரிக்கு அடியில் ஒட்டியிருக்கும் எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். ஸ்டிக்கரையும் அச்சடித்து ஒட்டுபவர்கள் உண்டு என்பதால் இன்னொன்றும் பாருங்கள். *#92702689# அடித்தால், அக்கால நோக்கியா மாடல்கள் பலவற்றில் ஒரு மெனு திறக்கும். தயாரித்த மாதம், வருடம், இதுவரை பேசிய மொத்த மணி நேரம் எல்லாம் அதில் இருக்கும். டப்பா பிரிக்காத போன் என்று சொல்லிவிட்டு உள்ளே நூற்றுக்கணக்கான மணி நேரம் காட்டினால், மேற்கொண்டு பேரம் எப்படிப் பேசுவது என்று உங்களுக்கே தெரியும்.

அடுத்தது கீபேட். ஒரிஜினல் 1100-ல் பட்டன்கள் எல்லாம் ஒரே ரப்பர் தகடாக, இடைவெளி இல்லாமல் இருக்கும். தூசி உள்ளே போகாததற்குக் காரணம் அதுதான். டூப்ளிகேட் ரப்பர் சற்றுக் கெட்டியாக இருக்கும், பட்டனுக்கு அடியில் உள்ள சின்ன முளையும் குட்டையாக இருக்கும். அதனால் விரலை அழுத்தி அழுத்தி அடிக்க வேண்டியிருக்கும். வயதானவர் கைக்கு இது பெரிய தொந்தரவு. ஒவ்வொரு எண்ணையும் பத்துத் தடவை வேகமாக அடியுங்கள். பத்துக்கு எட்டோ பன்னிரண்டோ விழுந்தால் வேண்டாம். 5-ம் எண் மேல் சின்னப் புள்ளி மேடாகத் தட்டுப்பட வேண்டும். பார்க்காமலே எண் அடிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு அதுதான் வழிகாட்டி, டூப்ளிகேட்டில் பல சமயம் மழுங்கிப்போயிருக்கும்.

திரை 96×65 புள்ளி கொண்ட கறுப்பு-வெள்ளை. வெயிலில் பளிச்சென்று தெரியும். குறுக்கே கோடு விழுந்திருந்தாலோ ஓரம் கறுத்திருந்தாலோ விட்டுவிடுங்கள்.

இவ்வளவுக்கும் முன்னால் கேட்க வேண்டியது: அப்பாவிடம் என்ன சிம்? 1100 வெறும் 2ஜி. ஜியோவில் 4ஜி-யும் 5ஜி-யும்தான், 2ஜி கிடையாது, அதனால் அந்த சிம் இதில் உயிரே பெறாது. ஏர்டெல், வி (வோடபோன் ஐடியா) ஓடும். உங்கள் ஊரில் 2ஜி சிக்னல் எப்படி என்று பார்க்க, இப்போதுள்ள போனில் நெட்வொர்க் செட்டிங்கை '2ஜி மட்டும்' என்று மாற்றி இரண்டு நாள் பேசிப் பாருங்கள். சுமாராக இருந்தால் 1100 ஆசையை விட்டுவிட்டு, வோல்ட்டி (4ஜி வழியாகவே கால் பேசும் வசதி) உள்ள 4ஜி பட்டன் போன் ஒன்றைப் புதிதாக வாங்கிவிடுங்கள். ஸ்பீடு டயலில் 2-ஐ அழுத்திப் பிடித்தால் உங்களுக்கு, 3-ஐப் பிடித்தால் அம்மாவுக்கு என்று போட்டுக் கொடுத்துவிட்டால் அப்பாவுக்கு இரண்டும் ஒன்றுதான்.

கேள்வி (மதுரை, அண்ணா நகர்): தினமும் நிறைய டைப் அடிக்க வேண்டிய வேலை. டச் ஸ்கிரீனில் எழுத்துப் பிழை தாங்க முடியவில்லை. முழு எழுத்துக் கீபேட் உள்ள பழைய போன் தேடுகிறேன். நோக்கியா ஈ63, ஈ71, சி3, பிளாக்பெர்ரி கர்வ் 8520, போல்ட் 9900, கீஒன் எல்லாம் செகண்ட்ஹேண்டில் கண்ணில் படுகின்றன. எதை எடுக்கலாம்?

பதில்: முதலில் இரண்டைக் கழித்துவிடலாம். 8520, 9900 இரண்டும் பிளாக்பெர்ரியின் சொந்த மென்பொருளில் ஓடுபவை. அந்த வகைப் போன்களுக்கான சேவைகளை நிறுவனம் 2022 ஜனவரி 4-ம் தேதியோடு நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு அவற்றில் டேட்டா, கால், எஸ்எம்எஸ் எதுவும் ஒழுங்காக வேலை செய்யும் என்று எதிர்பார்க்க முடியாது. கியூ10, பாஸ்போர்ட், கிளாசிக் மாடல்களுக்கும் இதே கதிதான். 9900-ன் கீபேட் கையடக்கப் போன்களில் வந்தவற்றில் ஆகச் சிறந்தது என்று பலரும் சொல்வார்கள், நாங்களும் ஒப்புக்கொள்வோம். அலமாரியில் வைத்து அழகு பார்க்க வேண்டுமானால் வாங்குங்கள்.

நோக்கியா ஈ71, ஈ63 இரண்டும் 2008-ல் வந்தவை. திரை இரண்டிலும் 2.36 அங்குலம், 320×240. பேட்டரியும் ஒன்றே: பிபி-4எல், 1500 எம்ஏஎச். வித்தியாசம் கையில்தான் தெரியும். ஈ71 உலோக உடம்பு, 57 மில்லிமீட்டர் அகலம். ஒவ்வொரு விசையும் நடுவில் சற்று உப்பியிருப்பதால், விசைகள் சின்னவை ஆனாலும் விரல் பக்கத்து எழுத்தில் வழுக்காது. ஈ63 பிளாஸ்டிக், 59 மில்லிமீட்டர், கொஞ்சம் தடிமன். இரண்டு மில்லிமீட்டர் என்ன பெரிதா என்று தோன்றும். பத்து விசை உள்ள வரிசையில் பெரிய கட்டைவிரல்காரருக்கு அது தெரியும். சாதாரண 3.5 மில்லிமீட்டர் இயர்போன் ஈ63-ல்தான் சொருகும், ஈ71-க்கு 2.5. எழுதுவதற்காகவே வாங்கினால் எங்கள் ஓட்டு ஈ63-க்கு.

ஆனால் எழுதியதை அனுப்புவது எப்படி? ஈ71, ஈ63 இரண்டும் சிம்பியன் என்ற பழைய மென்பொருளில் ஓடுபவை, அதில் வாட்ஸ்அப் 2017 ஜூன் 30-லேயே நின்றுவிட்டது. பழைய பிரவுசருக்கு இன்றைய பாதுகாப்புச் சான்றிதழ்கள் புரியாததால் பெரும்பாலான இணையதளங்கள் திறக்கவே மாட்டா. நோட்ஸில் அடித்து, புளூடூத் வழியாக வேறு போனுக்கோ கணினிக்கோ தள்ளிவிடுவதுதான் வழி. மெமரி கார்டு போடுவதானால் 8 ஜிபி-க்கு மேல் வேண்டாம்.

சி3 2010-ல் வந்தது. 2.4 அங்குலம், அதே 320×240, 1320 எம்ஏஎச். இதிலும் வாட்ஸ்அப் 2018 டிசம்பர் 31-ல் முடிந்தது. ஒரு நல்ல விஷயம், இதன் பிஎல்-5ஜே பேட்டரிதான் 5233, 5800 மாடல்களுக்கும். அதனால் இன்னும் கடைகளில் கிடைக்கிறது.

மிச்சம் கீஒன். 2017 மாடல், ஆண்ட்ராய்டில் ஓடுவதால் 2022 அடைப்பு இதைத் தொடவில்லை. 4ஜி உண்டு, 4.5 அங்குலத் திரை, 1620×1080, 3505 எம்ஏஎச். விசைகளின் மேல் விரலைத் தடவினால் பக்கம் நகரும். ஆண்ட்ராய்டு 8.1-க்கு மேல் அப்டேட் வராது, ஆகவே வங்கிச் செயலிகளை இதில் நம்பி வைக்க வேண்டாம். கடையில் பார்க்க வேண்டிய முக்கியமான இடம் திரையின் மேல் ஓரம். ஆரம்பத்தில் வந்தவற்றில் திரையைப் பிடித்திருக்கும் பசை போதாமல் தூக்கிக்கொண்டது. நகத்தால் லேசாக அழுத்தும்போது 'டிக்' என்று உள்ளே போய் வந்தால் அந்தப் போன் வேண்டாம்.

எதை எடுத்தாலும் ஆங்கில எழுத்துகளை ஏ முதல் இசட் வரை, ஒவ்வொன்றையும் மூன்று தடவை அடித்துப் பாருங்கள். ஸ்பேஸ் பாரை இடது ஓரம், வலது ஓரம், நடு என்று தனித்தனியாக அழுத்துங்கள். பிறகு ஷிப்ட், குறியீட்டு விசை. கீபேட் சுமாராக இருந்து திரை சுத்தமாக இருந்தால் எடுக்கலாம், கீபேடை ரிப்பேர் பார்க்க ஆள் இருக்கிறார்கள். கீபேட் அருமையாக இருந்து திரையில் குறை இருந்தால் எடுக்காதீர்கள். பதினைந்து வருடம் பழைய மாடலுக்கு நல்ல டிஸ்பிளே தேட, இன்னொரு போனை வாங்கி உடைக்க வேண்டியிருக்கும்.

நீங்கள் அடிப்பது தமிழ் என்றால் மேலே சொன்னவை அவ்வளவாக உதவாது. விசைகளில் இருப்பது ஆங்கிலம் மட்டுமே. இப்போதுள்ள போனோடு சின்னப் புளூடூத் கீபோர்டு ஒன்றைச் சேர்ப்பதே மேல்.

கேள்வி (மேலூர்): பட்டன் போனில் 2, 5, 8, 0 நான்கும் வேலை செய்யவில்லை. மற்ற எண்கள் சரி. ஒரு கடையில் கீபேட் ரப்பர் மாற்றினார்கள், குணமில்லை. இன்னொரு கடையில் "போர்டு போச்சு, தூக்கிப் போடுங்க" என்கிறார்கள்.

பதில்: ரப்பர் மாற்றியது வீண் செலவு. தூக்கிப் போடச் சொன்னது அவசரம்.

பட்டன் ஒவ்வொன்றுக்கும் தனி வயர் போவதில்லை. 12 எண் விசைகளை நான்கு கிடை வரி, மூன்று செங்குத்து வரி என்று ஏழு கம்பிகளிலேயே கோத்துவிடுகிறார்கள். ஒரு விசையை அழுத்தும்போது ஒரு கிடை வரியும் ஒரு செங்குத்து வரியும் தொட்டுக்கொள்ளும். எந்த இரண்டு தொட்டன என்பதை வைத்து எந்த எண் என்று போன் கண்டுபிடிக்கும். 2, 5, 8, 0 மேலிருந்து கீழே ஒரே வரிசையில் நிற்கின்றன என்பதைக் கவனியுங்கள். நான்கும் சேர்ந்து செத்தால் நான்கு பட்டன் கெடவில்லை, அவற்றுக்குப் பொதுவான ஒரு கம்பி அறுந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். எல்லா மாடலிலும் கம்பிகள் இதே வரிசையில் ஓடுவதில்லை என்றாலும், கூட்டமாகச் செத்தால் கம்பி, ஒற்றையாகச் செத்தால் பட்டன் என்ற கணக்கு மாறாது.

கடைக்காரரிடம் "ட்ராக் செக் பண்ணி ஜம்பர் போட முடியுமா?" என்று கேளுங்கள். அறுந்த தடத்தைக் கண்டுபிடித்து, அதற்குப் பதிலாகத் தனிக் கம்பி ஒன்றை இணைப்பதுதான் ஜம்பர். அவர் செய்ய வேண்டியது இவ்வளவுதான். பட்டன்களுக்கு அடியில் உலோகக் குமிழிகள் உள்ள டோம் ஷீட்டைத் தூக்கினால் ஒவ்வொரு எண்ணுக்கும் கீழே போர்டில் ஒரு வட்டமும் நடுவில் ஒரு புள்ளியும் தங்க நிறத்தில் இருக்கும். மல்டிமீட்டரை பீப் ஒலியில் வைத்து, 2-லிருந்து 5, 8, 0 வரை பொதுவான பக்கத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும். நான்குக்கும் இடையே பீப் வந்தால், அறுந்த இடம் இந்த நான்குக்கும் ஐசி-க்கும் (விசைகளைப் படிக்கும் சில்லுக்கும்) நடுவில். நடுவில் சின்ன ஃபில்டர் ஐசி உள்ள மாடல்களில் பெரும்பாலும் அதன் காலில் துரு ஏறியிருக்கும். முடி அளவு எனாமல் கம்பியில் ஜம்பர் போட்டால் போன் பிழைத்துவிடும். ஐசி பக்கமே போயிருந்தால் மட்டும் இரண்டாவது கடைக்காரர் சொன்னது சரி.

ஒற்றைப் பட்டன் கெட்டவர்களும் அடிக்கடி எழுதுவதால் அதையும் சொல்லிவிடுகிறோம். இதை வீட்டிலேயே செய்யலாம். பேட்டரியைக் கழற்றுங்கள். நோக்கியாவில் நட்சத்திரத் தலை ஸ்க்ரூ, டி6 டிரைவர் வேண்டும், சாதாரண டிரைவரை விட்டால் தலை தேய்ந்து அதற்குப் பிறகு யாராலும் திறக்க முடியாது. போர்டு மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய ஷீட்டில் வட்ட வட்டமாக உலோகக் குமிழிகள் இருக்கும். அழுத்தும்போது 'டக்' என்று கேட்பது அவைதான். ஷீட்டை ஒரு மூலையிலிருந்து மெதுவாக, மடங்காமல் உரியுங்கள். கெட்ட பட்டனுக்குக் கீழே தங்கப் பூச்சு கறுத்திருந்தால் பென்சில் ரப்பரால் நாலு தடவை, நாலே தடவை, லேசாகத் தேயுங்கள். அதிகம் தேய்த்தால் தங்கம் போய்ச் செம்பு தெரியும், பிறகு மாதம் ஒரு முறை துருப்பிடிக்கும். காது குடையும் பஞ்சுக் குச்சியை ஐபிஏ எனப்படும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து போர்டையும் குமிழியின் உட்பக்கத்தையும் துடைத்து, பத்து நிமிடம் காயவிடுங்கள். குமிழி பள்ளமாகிக் கவிழ்ந்திருந்தால் நிமிர்த்தப் பார்க்காதீர்கள், ஷீட்டையே மாற்றுங்கள்.

தின்னர், பெட்ரோல், நகப் பூச்சு எடுக்கும் திரவம் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். தேங்காய் எண்ணெயோ தையல் மிஷின் எண்ணெயோ விட்டால் இரண்டு நாள் வழுவழுவென்று இருக்கும். பிறகு எண்ணெய்ப் படலம் மின்சாரத்தை மறித்து, தூசியையும் பிடித்துவைத்துக்கொள்ளும்.

கேள்வி (மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்): விடியற்காலையிலிருந்து மல்லிகையில் கை வைத்தால் மதியம் வரை ஈரம்தான். டச் போன் விரலையே எடுக்க மாட்டேன் என்கிறது. வெயில் ஏறினால் திரையும் தெரிவதில்லை. பழைய நோக்கியா 5233 மாதிரி டச் போனில் ஈரக் கை வேலை செய்யும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: உண்மைதான். இன்றைய டச் திரை விரலின் மின்தன்மையை உணர்கிறது. திரை மேல் தண்ணீர்த் துளி நின்றால் அதையும் விரல் என்று நினைத்துக் குழம்பும். 5233 (2010), 5800 இரண்டிலும் இருப்பது அழுத்தத்தை உணரும் திரை. மேலே ஒரு பிளாஸ்டிக் படலம், கீழே ஒரு கண்ணாடி, நடுவில் மயிரிழை இடைவெளி. அழுத்தினால் இரண்டும் தொடும், தொட்ட இடம் போனுக்குத் தெரியும். நகம், பேனா மூடி, நாரோடு உள்ள ஈர விரல், எதுவானாலும் சரி.

ஆனால் வெயில் பிரச்சினைக்கு அது மருந்தல்ல, இன்னும் மோசம். அந்தப் பிளாஸ்டிக் படலமும் காற்று இடைவெளியும் வெளிச்சத்தைத் திருப்பி அடிப்பதால் பத்து மணி வெயிலில் திரை வெள்ளையடித்த சுவர் போல ஆகிவிடும். உங்களுக்குக் கால் பேசுவதும் ரேட் கேட்பதும்தான் வேலை என்றால், ஒரே ரப்பர் தகடாகக் கீபேட் உள்ள கறுப்பு-வெள்ளைத் திரைப் போன் போதும். தனித்தனிப் பிளாஸ்டிக் பட்டன் உள்ள மாடல் வேண்டாம், இடைவெளி வழியாக ஈரம் இறங்கி ஆறு மாதத்தில் மேலூர்க்காரர் கதை ஆகிவிடும். பணம் வாங்க கியூஆர் அட்டையும் சவுண்ட் பாக்ஸும் கடையில் இருக்கட்டும், வாட்ஸ்அப் உள்ள போன் வீட்டில் இருக்கட்டும்.

எந்தப் போனையும் கடையின் டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வாசலுக்கு எடுத்து வந்து வெயிலில் பாருங்கள். இன்னொன்று, சித்திரை வெயிலில் வண்டி டேங்க் கவர் மேல் போனை வைத்தால் திரை கறுத்துப்போவதுண்டு. நிழலில் வைத்து ஆறியதும் தெளிந்தால் பயமில்லை, உள்ளே இருக்கும் திரவப் படிகம் சூட்டில் நிலை மாறியதுதான். ஆறிய பிறகும் திட்டு நின்றால் டிஸ்பிளே போய்விட்டது.

கேள்வி (சோழவந்தான்): பட்டன் போனில் தமிழில் எஸ்எம்எஸ் அனுப்பினால் ஒன்றுக்கே இரண்டு, மூன்று எஸ்எம்எஸ்-க்கான காசு போகிறதே?

பதில்: ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ் 160 எழுத்து, தமிழில் 70 மட்டுமே. அதற்கு மேல் போனால் துண்டுக்கு 67 என்று பிரியும், துண்டுக்கொரு காசு. அதிலும் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் தனி எழுத்தாகவே எண்ணப்படும். 'மதுரை' நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, போனுக்கு ஐந்து.

கேள்வி (உசிலம்பட்டி): செகண்ட்ஹேண்ட் டச் போன் வாங்கி பத்தாம் நாள் திரையில் கோடு விழுந்துவிட்டது. கடைக்காரர் "பழைய போனுக்கு கேரண்டி ஏது?" என்கிறார். பில் தரவில்லை, துண்டுச் சீட்டில் மாடலும் தொகையும் எழுதிக் கொடுத்தார். ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: முடியும். அதற்கு முன் கோட்டைப் பாருங்கள். திரை ஓரத்தை மெல்ல அழுத்தும்போது கோடு மறைந்தோ நகர்ந்தோ போனால் டிஸ்பிளே ஸ்ட்ரிப் கனெக்டரில் தளர்ந்திருக்கிறது, கழற்றி மாட்டினால் தீரும். அசையாமல் நின்றால் டிஸ்பிளேயே கெட்டிருக்கிறது. அப்போது மாடலைக் கேட்டுக்கொள்ளுங்கள். 5233 போன்றவற்றில் டச் தனி, டிஸ்பிளே தனி. பிந்தைய போன்களில் இரண்டும் ஒட்டிய காம்போ, செலவு கூடும்.

சட்டப்படி பார்த்தால், 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பில் தராமல் விற்பதே முறையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க பில்லில் கெடு எதுவும் எழுதவில்லை என்றால் 30 நாள் கெடு என்றும் அதில் இருக்கிறது. நீங்கள் பத்தாம் நாளில் இருக்கிறீர்கள். துண்டுச் சீட்டைப் படம் எடுத்து வையுங்கள், ஜிபே-யில் பணம் கொடுத்திருந்தால் அந்த ரசீதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைக்காரருக்குத் தேதியோடு எழுத்தில் ஒரு செய்தி அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையுள்ள வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இந்தத் தொகைக்குப் பெரும்பாலும் 1915 கட்டத்திலேயே முடிந்துவிடும். கடை இல்லாமல் தனியாளிடம் வாங்கியவர்களுக்கு இந்த வழி கிடையாது. கோடு இருப்பதைப் பார்த்து, அதற்காக விலை குறைத்து வாங்கியிருந்தாலும் கேட்க முடியாது.

அடுத்த முறை பணம் கொடுக்கும் முன், கே-ஒய்-எம் என்ற மூன்று ஆங்கில எழுத்தையும், ஓர் இடைவெளி விட்டு ஐஎம்இஐ எண்ணையும் (*#06# அடித்தால் வரும் அந்த 15 இலக்க எண்) 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். திருட்டுப் போன் என்று முடக்கப்பட்டிருந்தால் பதிலில் தெரிந்துவிடும்.

கேள்வி (வாடிப்பட்டி): பெட்டியில் கிடந்த பழைய நோக்கியாவின் பிஎல்-5சி பேட்டரி மறுபடி ஏறுமா?

பதில்: வழுவழுப்பான மேசை மேல் படுக்க வைத்துச் சுண்டிவிடுங்கள். பம்பரம் மாதிரி சுற்றினால் ஊதியிருக்கிறது, சார்ஜ் போடாதீர்கள். சுற்றாமல் உட்கார்ந்தால் மல்டிமீட்டரில் பாருங்கள். 3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் சார்ஜ் போட்டுப் பார்க்கலாம், முதல் முறை பக்கத்திலேயே இருங்கள், தொட முடியாத சூடு வந்தால் கழற்றிவிடுங்கள். 2005 டிசம்பர் முதல் 2006 நவம்பர் வரை மட்சுஷிட்டா தயாரித்த பிஎல்-5சி பேட்டரிகள் சார்ஜில் சூடாவதாக 2007-ல் நோக்கியாவே எச்சரித்தது. அந்தக் காலத்துப் பேட்டரி என்றால் சோதனையே வேண்டாம். ஊதியதை ஊசியால் குத்திச் சமன் செய்யப் பார்க்காதீர்கள். உள்ளே இருப்பது வெறும் காற்று அல்ல, தீப்பிடிக்கும் வாயு. குப்பையிலும் போட வேண்டாம், முனைகள் மேல் டேப் ஒட்டி, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.